சத்தம் வைக்காமல் பார்த்த பாடங்கள்

இன்று காலை உன் வீட்டு டிவிடி பிளேயர் வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம் பிடித்தது. பட்டனை அமுக்கினால் உள்ளே ஏதோ முனகுகிறது. தட்டு மட்டும் வெளியே வருவதாக இல்லை. என்னை அண்ணா என்று கூப்பிடும் உன் மனைவி ஒரு ஹேர்பின்னை நிமிர்த்தி என் கையில் கொடுத்து, "அந்தச் சின்ன ஓட்டைல குத்துங்கண்ணா, அவரு அப்டித்தான் தொறப்பாரு" என்றாள். குத்தினேன். தட்டு வந்தது. அதில் உன் கையெழுத்தில், கறுப்பு மார்க்கரில், 'டிஸ்க் 2 – கீழ மாட்டிக்கினா' என்று எழுதிய வட்டு. பேசுகிற மாதிரியே எழுதுகிறவன் நீ. மற்ற ஐந்தும் ரெக்ஸின் உறையில் இருந்தன. உறையைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. பட்டுப்புடவைக்குப் போடுவதை நீ ஜியு-ஜிட்சு டிஸ்க்குக்கும் போட்டு வைத்திருக்கிறாய். எந்தப் பூச்சி அதைத் தின்ன வரும் என்று நினைத்தாயோ தெரியவில்லை.

உன் மகள் புனேயிலிருந்து குழந்தையோடு வருகிறாளாம். தவழுகிற குழந்தை கீழ்த்தட்டில் இருப்பதையெல்லாம் இழுத்துப் போடும் என்று உன் மனைவி அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். "தூக்கிப் போட மனசு வர்ல. உங்களாண்டயே இருக்கட்டும்" என்றாள். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு, சைனிக்புரியிலிருந்து லோத்குண்டாவில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். டீ குடித்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், தெரிந்துகொள்ளப் பயந்தேன். அவ்வளவுதான்.

நாம் பழகியது பஸ்ஸில். காஞ்சன்பாக்கில் நம் தொழிற்சாலைக்குப் போகும் ஸ்டாஃப் பஸ் உங்கள் பக்கம் கிளம்பி, எங்கள் தெருமுனையில் என்னை ஏற்றிக்கொண்டு, ஊரையே குறுக்கே கடந்து போகும். போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர ஒன்றரை. இரண்டு தமிழர்கள் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்து எதையெல்லாம் பேச முடியுமோ அதையெல்லாம் முதல் இரண்டு வருஷத்திலேயே பேசித் தீர்த்துவிட்டோம். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக வந்தவன். நீ பிறந்ததே இங்கே. சுபேதாராக ஓய்வுபெற்ற உன் அப்பா வேலூர்ப் பக்கத்துத் தமிழை வீட்டுக்குள் காவல் காத்தார். தெரு உனக்கு ஹைதராபாத் இந்தியைக் கற்றுக்கொடுத்தது. 'வேணாம்' என்று நீ சொல்லி நான் கேட்டதில்லை. எப்போதும் 'நக்கோ பா'தான்.

நமக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்த சமயம். இருவருக்கும் இடுப்புவலி, இருவருக்கும் தொப்பை. ஒரு நாள் பஸ்ஸில் ஏறியதும் அந்த ரெக்ஸின் உறையை என் மடியில் வைத்தாய். "மச்சான் அமெரிக்காலேந்து எடுத்தாந்தான். பிரேசில்காரன் வித்தை. இதுல அடி, ஒதை ஒண்ணும் கெடையாது. படுத்துக்கினே போடற சண்டை. நமக்கு இதான் செட் ஆவும்" என்றாய். நான் சிரித்தேன். ஆனால் நீ சொன்னதில் தப்பில்லை. ஒருவன் மற்றவனைத் தரையில் அமுக்குவான், கழுத்தையோ கையையோ மடக்குவான். தாங்காதவன் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். தோற்கிறவனுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற சண்டையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்போது நமக்குத் தெரிந்து இந்த ஊரில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வீட்டுக் கார் நிற்கிற இடம்தான் பள்ளிக்கூடம். காரைத் தெருவில் விட்டுவிட்டு, இரண்டு இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டு, அதன் மேல் உன் அப்பாவின் பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். உடுப்புக்கு இங்கே லோத்குண்டாவில் ராணுவச் சீருடை தைக்கிற டெய்லரிடம் போனோம். கெட்டியான காடாத்துணியில் மேல்சட்டை வேண்டும், பித்தான் கூடாது, கச்சை கட்டிக்கொள்வோம் என்று நீ விளக்கு விளக்கென்று விளக்கினாய். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் மூடி வைத்த பாக்கெட் ஆளுக்கு நாலு தைத்துக் கொடுத்தார். முதல் ஞாயிறே உன் பாக்கெட்டில் என் சுண்டுவிரல் மாட்டி வீங்கிவிட்டது. ஆபீஸில் ஸ்கூட்டர் கிக்கர் அடித்ததாகச் சொன்னேன். அடுத்த வாரம் பிளேடு வைத்து எட்டு பாக்கெட்டையும் பிரித்தோம்.

அந்தத் தவறு சின்னது. பெரிய தவறு ஒன்றை அதே மதியத்தில்தான் தொடங்கினோம். உன் அப்பா இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை தூங்குவார். அந்தத் தூக்கத்தைக் கலைக்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. ஹாலில் இருந்த டிவியைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்து, நாம் வெளியே தார்ப்பாயில் நின்று கம்பி வழியாகப் பார்ப்போம். சத்தத்தை அறவே நிறுத்திவிடுவாய். சத்தம் இருந்தாலும் டிஸ்க்கில் சொல்லிக்கொடுக்கிற ஆளின் ஆங்கிலம் நமக்குப் புரியாது என்று சமாதானம் வேறு சொல்வாய். இரண்டு நிமிஷம் பார்ப்பது, நிறுத்துவது, அரை மணி நேரம் புரள்வது. மொட்டைத்தலை, காட்டெருமை உடம்பு, நீலப் பாய், மூலையில் ஒரே ஒரு கேமரா. அந்த மனிதர் வாயசைக்க அசைக்க, அவர் கையையும் காலையும் மட்டும் படித்துக் கற்றுக்கொண்டோம்.

பக்கவாட்டில் ஒருவன் நம் மேல் படுத்து அமுக்கினால் எப்படித் தப்பிப்பது என்பது இரண்டாவது டிஸ்க். அந்த மனிதர் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் செய்து காட்டினார். முதல் விதத்தில், மேலே இருப்பவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி முட்டிபோட்டு எழுந்தார். பாதியில் நிறுத்தி, கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு மறுபடி படுத்து, இரண்டாவது விதத்தில், அவனைப் பார்த்தபடியே திரும்பி முழங்கையையும் முழங்காலையும் நடுவே நுழைத்து இடம் பண்ணினார். முதல் விதம் செய்யும்போது அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

எனக்கு இரண்டாவது பிடித்தது. உனக்கு முதலாவது. "முதுகக் காட்னா அவன் பேராசைல பாய்வான்பா. பாய்றவன உருட்றது ஈசி" என்றாய். அந்தப் பாதி அசைவை எடுத்துக்கொண்டு நீ உன் பாட்டுக்கு வளர்த்தாய். கீழே கிடப்பாய். கண்ணை மூடிக்கொள்வாய். நான் மூச்சு முட்ட அமுக்கிக்கொண்டு, "ஏ, தூங்கிட்டியா?" என்று கேட்டால், அடியிலிருந்து, "கைக்கு அவசரம்?" என்று, எதுக்கு அவசரம் என்பதை உன் தெரு இந்தியில் கேட்டு, குரல் வரும். பிறகு சாவகாசமாகத் திரும்பி முதுகைக் காட்டுவாய். கழுத்தைப் பிடிக்க என் கை உன் தோளுக்கு மேல் வந்ததும், அதை அக்குளில் கவ்விக்கொண்டு அப்படியே புரள்வாய். நான் மல்லாந்து கூரையைப் பார்ப்பேன். நீ என் மேல் இருப்பாய். பக்கத்துத் தெருவின் ஓய்வுபெற்ற ஹவில்தார், பாங்க்கில் வேலை பார்த்த உன் சகலை, யார் யாரோ ஞாயிறு மதியம் வந்தார்கள். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பதினாலு வருஷம். உன் அப்பா போன பிறகும் நாம் அந்த டிவிக்குச் சத்தம் வைக்கவில்லை. பழகிவிட்டது.

பிறகு உன் இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது. தார்ப்பாய் சுருட்டி வைக்கப்பட்டது. மெத்தைகளைப் பஞ்சுக்காரன் எடுத்துப்போனான். நீ அதற்கெல்லாம் கலங்கவில்லை. உன் செக்ஷனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், மாதாப்பூர் பக்கம் ஒரு ஜிம்மில் ஜியு-ஜிட்சு கற்றுக்கொள்கிறவன், உன்னைப் பார்க்க வந்தபோது, "அந்தக் கால வீடியோவா சார், அதெல்லாம் இப்ப நிக்காது, கேமே மாறிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனானே, அதுதான் உன்னைக் குடைந்தது. அடுத்த ஞாயிறு நான் வந்ததும் பிளேயரைக் காட்டினாய்.

"ஒண்ணுலேந்து ஆறு வரைக்கும் திரும்பப் பாப்போம். இன்னா நிக்குது, இன்னா நிக்கலனு நாமளே சொல்லிடலாம். எவனோ சொல்றதுக்கு நாம கைக்கு ஒத்துக்கணும்?"

சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாய். ரிமோட்டைக் கையில் எடுத்தாய். "அப்பாவே இல்ல. யாருக்குப் பயந்து இன்னும் மியூட்ல வச்சிக்கிறோம்" என்று சத்தத்தை வைத்தாய்.

அந்த மனிதருக்குக் கீச்சுக் குரல். பதினாலு வருஷம் குருவாக வைத்திருந்த ஆளின் குரலை அன்றுதான் கேட்டோம். அந்த உடம்புக்குள்ளிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை பேசியது. நீ சிரிக்க ஆரம்பித்தாய், நானும். ஆங்கிலமும் நினைத்த அளவுக்கு மோசமில்லை, கவனித்தால் புரிந்தது. முதல் டிஸ்க் அப்படியே போயிற்று. மறு வாரம் இரண்டாவது. முதுகைக் காட்டித் திரும்பினார். பாதியில் நிறுத்தினார். கேமராவைப் பார்த்து, அந்தக் கீச்சுக் குரலில், எல்லாரும் செய்கிற தவறு இதுதான், தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள், இப்போது சரியான வழியைப் பாருங்கள் என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். ரிமோட்டை அமுக்கிப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாய். பிறகு மூன்றாம் முறை. ஒவ்வொரு பாடத்திலும் அவர் முதலில் தவறைக் காட்டியிருக்கிறார், பிறகு சரியானதை. நாம் இரண்டு வழி, இரண்டு வழி என்று எண்ணிக்கொண்டிருந்தது எல்லாம் ஒரு வழிதான். நீ சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, உன் மனைவி கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல. பதினாலு வருஷமா தப்பப் பிராக்டீஸ் பண்ணிகினு இருந்திருக்கோம்" என்று அவளிடம் சொன்னாய். "இதுல இன்னா சிரிப்பு?" என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் டிபன் வந்தபோது நீ தோசையைத் தொடவில்லை. சிரிப்பு எங்கோ போய்விட்டது. "மத்ததெல்லாம் விடு. நா போட்டனே, அது நெஜமா, இல்ல நீங்க நாலு பேரும் ஒண்ணும் தெரியாதவங்களா இருந்ததால நடந்துதா?" என்று கேட்டாய்.

"ஏ, நல்லாத்தான இருந்துச்சு. எத்தன தடவ என்னைய உருட்டியிருக்க. எதுக்கு இப்படிப் பேசுத" என்றேன்.

"உன்னைய உருட்னது சாட்சி இல்லபா. நீயும் அதே டிவிலதான் கத்துக்கின."

உனக்கு உத்தியோகத்தில் பெரிதாக ஆசை கிடையாது. பாட்டு, படிப்பு என்று எதிலும் பெயர் வாங்கியவனும் இல்லை. உன்னுடையது என்று நீ கண்டுபிடித்தது அந்த ஒரு புரளல்தான். அது கண்டுபிடிப்பா, வெறும் அறியாமையா என்று தெரிந்துகொள்ளாமல் உன்னால் இருக்க முடியவில்லை. "என்னால முடியாது. நீ போ. அந்த ஜிம்முக்கு. நம்மள யாருனே தெரியாதவன்கிட்ட போட்டுப் பாரு. பொய் சொல்லாத, எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாய்.

அப்படித்தான் ஐம்பதை நெருங்குகிற வயதில், பரேட் கிரவுண்டில் வண்டியை விட்டு மெட்ரோ ஏறி, மாதாப்பூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஜிம்முக்குள் நுழைந்தேன். சனிக்கிழமை காலை வகுப்பு. பாதிப் பேர் ஐடி கம்பெனிக்காரர்கள். கோச் இந்த ஊர்ப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் நான் முதுகைக் காட்டித் திரும்பியதும் என்னோடு புரண்டவர் கழுத்தைப் பிடித்துவிட்டார், தட்டினேன். கோச் குனிந்து, "பீட் நக்கோ தேவ் அங்கிள்" என்றார். முதுகைக் கொடுக்காதே என்று, உன் பாஷையிலேயே. நான் சரி சரி என்றுவிட்டு அடுத்த ஆளிடமும் முதுகைக் கொடுத்தேன். அவரும் கழுத்தைப் பிடித்தார்.

ஞாயிறு மதியம் உன்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நீ சோபாவில் இருந்தபடியே விசாரணை நடத்தினாய். கண்ணை மூடினேனா, எவ்வளவு நேரம் பொறுத்தேன், அவன் கை எங்கே வந்தபோது பிடித்தேன். "நீ பயந்துகினே திரும்பறபா. திரும்பறதுக்கு முன்னாடி மூச்சு வாங்கிக்க. கைக்கு அவசரம்?" என்றாய். குஷனைத் தரையில் போட்டு என்னைப் படுக்கவைத்து, காலால் தொட்டுத் தொட்டு இடம் காட்டினாய். உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரங்களில் மற்ற டிஸ்க்குகளையும் பார்த்து முடித்தோம். அந்தப் பையன் சொன்னதில் பாதி உண்மைதான். கால்களைப் பிடித்து முறுக்குகிற வித்தை ஆறு டிஸ்க்கிலும் இல்லை. ஜிம்மில் எல்லாரும் காலில்தான் குறி வைக்கிறார்கள். முதல் மாதம் நான் தட்டியதில் பாதி கணுக்காலுக்காகத்தான். இன்றைய வீடியோக்கள் பளிச்சென்று இருக்கின்றன, மூன்று பக்கமிருந்தும் காட்டுகிறார்கள். ஆனால் நம் ஆள் ஒரே முழங்கையை எங்கே வைப்பது என்று இருபது நிமிஷம் பேசுகிறார். மேலே இருப்பவனின் பாரம் எந்த இடத்தில் இறங்குகிறது, அது எப்போது ஒரு நொடி லேசாகும் என்று காத்திருக்கச் சொல்கிறார். அது இன்றும் நிற்கிறது. உடம்பு மாறாதவரை அது நிற்கும். இதை நாமிருவரும் மறுப்பில்லாமல் ஒத்துக்கொண்டோம். தீராமல் நின்றது உன் கேள்வி மட்டும்தான்.

மூன்று சனிக்கிழமை தோற்றேன். நாலாவது சனிக்கிழமை, கடைசி ரவுண்டில், புதுசுகளைத் தாண்டி நீலக் கச்சை வாங்கிய ஒருவர் என் மேல் கிடந்தார். மூச்சு வாங்கினேன். கண்ணை மூடினேன். திரும்பினேன். அவர் கை தோளுக்கு மேல் வந்தது. கவ்விப் புரண்டேன். எழுந்து பார்த்தால் அவர் கீழே, நான் மேலே. நம்ப முடியாமல் கோச்சைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை உடுப்போடு மாடிப்படியில் நின்று உனக்கு போன் போட்டேன்.

"ஏ, உருட்டிட்டேன்."

"ஹவ்?" என்றாய், ஆமாவா என்பதை உன் பாஷையில். பிறகு, "அவன் அதுக்கு முன்னாடி எத்தன ரவுண்டு ஆட்னான்?"

"நாலு இருக்கும்."

"அப்போ நக்கோ. தொவண்டு போனவன உருட்றது பெருசில்ல. ஃப்ரெஷ்ஷா வர்றவன்கிட்ட போட்டுப் பாரு. மொத ரவுண்டுல. அதுல நின்னா நின்னதுனு சொல்லு. இல்லனா இல்லனு சொல்லு."

அது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது உன் மனைவி போன் செய்தாள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உனக்கு அது தெரிந்த கதைதான்.

நீ போன பிறகு நாலு மாதம் ஜிம் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கால் தானாக மெட்ரோவுக்குப் போயிற்று. இடைவெளிக்குப் பிறகும் உன் புரளல் உடம்பில் இருந்தது. போட்டேன், விழுந்தார்கள். எல்லாரும் விழவில்லை, ஆனால் விழுந்தார்கள். கோச் அதற்கு 'அங்கிள் ரோல்' என்று பெயர் வைத்துவிட்டார். நான் அந்தப் பெயரைத் திருத்தவில்லை, மன்னித்துக்கொள். ஆனால் ஒரு காரியம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ரவுண்டில் நான் யாரோடும் புரளவில்லை. முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருப்பேன். கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் குடிக்கப் போவேன். எல்லாரும் இரண்டு மூன்று ரவுண்டு ஆடித் துவண்ட பிறகுதான் பாயில் இறங்குவேன். களைப்பில்லாத ஆளிடம் போட்டு அது நிற்காமல் போய்விட்டால் உன்னிடம் என்னவென்று சொல்வது? நீ இல்லாத இடத்தில்கூட அதைச் சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அக்கா மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போய்விட்டு, நேற்றுத்தான் திரும்ப வகுப்புக்குப் போனேன். மெட்ரோ தாமதமானதால் ஜிம்முக்கும் தாமதம். கண்ணாடியைக் கழற்றுவதற்குள், "அங்கிள், ஜெரின் கே சாத்" என்று, ஜெரினோடு புரளச் சொல்லி, கோச் கை காட்டிவிட்டார். ஜெரின் நாகர்கோவில்காரர், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார், முப்பது வயது. அவரும் அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை கிடையாது. நழுவ வழி தேடினேன். இல்லை. சரி, இன்றைக்கு என்று கச்சையை இறுக்கினேன்.

இரண்டாவது நிமிஷமே பக்கவாட்டில் அமுக்கிவிட்டார். நல்ல பாரம். மூச்சு வாங்கினேன். கண்ணை மூடினேன். நீ சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. பாரம் லேசான நொடியில் திரும்பி முதுகைக் காட்டினேன். கைக்காகக் காத்திருந்தேன். கை வரவில்லை. கழுத்துப் பக்கமே அவர் வரவில்லை. இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, என் மேல் கனமாக உட்கார்ந்துவிட்டார். நான் கவ்வுவதற்கு ஒன்றுமில்லை. புரளப் பார்த்தேன், அசையவில்லை. என் முகம் பாயில் அழுந்தியது. முடிந்தது என்று நினைத்தேன். களைப்பில்லாதவனிடம் நிற்கவில்லை. ஒன்றரை வருஷம் ஓடி ஒளிந்ததெல்லாம் இந்த ஒரு வரியைச் சொல்லத்தானா?

"இது எங்க படிச்சீரு?" என்று பாயைப் பார்த்தபடியே கேட்டேன்.

முதுகுக்கு மேலிருந்து ஜெரின் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். "சார், நீங்க ஊருக்குப் போயிருந்தீங்கல்லா, போன சனிக்கிழமை. கோச் அன்னைக்கு முழு கிளாஸும் இதுக்குத்தான் எடுத்தாரு. அங்கிள் திரும்பினா கழுத்துக்குப் போகாத, கைய நீட்டாத, முதல்ல இடுப்பப் பிடின்னு. நாங்க எல்லாரும் ஒரு மணிக்கூர் இத மட்டுந்தான் செஞ்சோம். நீங்க எல்லாத்தையும் உருட்டிட்டே இருந்தா நாங்க என்ன செய்யதுக்கு?"

கேட்டாயா? உன் புரளலுக்கு மாற்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இருபது பேர் ஒரு சனிக்கிழமை காலையைச் செலவழித்து, ஜோடி ஜோடியாகப் படுத்து, உன்னைத் தடுக்கப் பழகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் உன் முகம் தெரியாது. வெறும் அறியாமைக்கு எந்த ஊரிலும் யாரும் மாற்று சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தக் கீச்சுக்குரல்காரர் செய்யாதே என்று சொன்னதை, அவர் சொன்னது காதில் விழாமல், நீ பதினாலு வருஷம் செய்து ஒரு வித்தையாக்கியிருக்கிறாய்.

ஆகவே என் பதில் இது. களைப்பில்லாத ஆளிடம் நிற்கவில்லை. நீ சொன்னபடி பொய் சொல்லாமல் சொல்லிவிட்டேன். அது ஏன் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். இனி நீ தோசையைச் சாப்பிடலாம்.

ஜெரின் இன்னும் என் மேல்தான் இருந்தார். என்னால் அசைய முடியவில்லை. பாயில் அமுங்கிய வாயோடு சிரித்துக்கொண்டிருந்தேன். "சார், வலிக்கா? விட்டுரட்டா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் தோற்றதில்லை. ரவுண்டு முடிய இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. இடுப்பைப் பிடிக்கிறவனை என்ன செய்வது என்று எந்த டிஸ்க்கிலும் இல்லை, நீயும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நானாகத்தான் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.